தேனுக்கு ஆசைப்பட்டவர்

கரடியின் வாய்க்குள் கையை விட்டு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சூயிங்கத்தை வாட்சர் ஸ்பூன் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தார். நேற்று வந்துபோன ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் கைவரிசை. ஃபைபரில் செய்த கரடி. பின்னங்கால்களில் நிமிர்ந்து, ஆறடி உயரத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தினமும் காலை எட்டரைக்குள் அதன் மூக்கை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நகங்களுக்கு நடுவில் செருகியிருக்கும் டிக்கெட் துண்டுகளை எடுக்க வேண்டும். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்பு நிஜமான கரடி ஒன்று அவர் முகத்தின் இடது பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பல் விளக்கிவிட வன இலாகா யாரையும் நியமிக்கவில்லை.

"அண்ணே, மூக்கு பளபளன்னு இருக்கணும். இன்னைக்குக் கமிட்டி" என்று குரல் கேட்டது. மைக் சார்.

"அதுக்குத் துடைச்சாச்சு சார். எனக்குத்தான் ஒழுகுது" என்று வாட்சர் தோளில் கிடந்த துண்டால் வாய்க்கோடியைத் துடைத்துக்கொண்டார்.

மைக் சாருக்கு அரசாங்கம் வைத்த பெயர் கல்வி அலுவலர். மைக் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை இரண்டே பேர் வந்தபோதும் மைக்கில்தான் பேசினார். அதில் ஒருவர், இன்னொருவரை ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர்.

பூங்கா பெரியது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஜீப்பில் போனாலே அரை நாள் ஆகும். அவ்வளவு பெரிய காட்டுக்குள் மூன்று இயற்கைக் கல்வி மையங்கள். வாசலில் பறவைகள் மையம். ஆற்றங்கரையில் மீன்கள் மையம். மேட்டின் மேல், காகிதத்தில் 'மனிதனும் விலங்கும்: ஓர் உரையாடல்' என்றும் மற்ற எல்லோர் வாயிலும் கரடி மையம் என்றும் வழங்கப்படும் இந்த மூன்றாவது. முதல் இரண்டையும் முடித்துவிட்டு மேடேறி வருகிறவர்கள், ஆயுளுக்குப் போதுமான அறிவைப் பெற்ற களைப்போடு வந்து இறங்குவார்கள். அவர்களுடைய முதல் கேள்வி, "பாத்ரூம் எங்க?" இரண்டாவது கேள்வி, "இங்க நிஜமா ஏதாவது பாக்க முடியுமா?"

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாகத்தான் வாட்சரை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

அன்று காலை கிளம்பும்போது மனைவி சாப்பாட்டை மத்தால் மசித்து டப்பாவில் அடைத்துக்கொண்டே பேசினாள். பூங்காவின் விருந்தினர் மாளிகையில் படுக்கை விரிப்புகள் துவைப்பவள் அவள். சோடா உப்பும் சலவைத்தூளும் தின்ற விரல்கள்.

"கமிட்டிக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து பெரிய அதிகாரி அம்மாவே வர்றாங்களாம். நேத்தே ரூமுக்கு எட்டு தலகாணி கேட்டு ஆள் அனுப்பினாங்க. இன்னைக்காவது வாயைத் திறந்து கேளுங்க."

"திறக்கறதுதாம்மா கஷ்டமா இருக்கு."

"இந்த நக்கலுக்கெல்லாம் ஒண்ணும் குறைச்சல் இல்ல. ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிச்சிட்டு முனகறது எனக்குத்தான் கேக்குது." டப்பா மூடியை ஓங்கித் தட்டினாள். "டாக்டர் என்ன சொன்னாருன்னு நெனப்பிருக்கா?"

இருந்தது. தாடையில் வைத்த தகடு கழன்று ஆடுகிறது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி தைக்க வேண்டும். இந்த வருடத்துக்குள் செய்யாவிட்டால் சீழ் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் என்னிடம் வராதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கவும் தயார். இலாகா ஒரே ஒரு வரி எழுதித் தர வேண்டும்: 'பணியின்போது காயமடைந்தார்.' அந்த வரி இருந்தால் ஆபரேஷன் இலாகாவின் பொறுப்பு. இல்லையென்றால் அவருடைய பொறுப்பு. அவருடைய பொறுப்பு என்றால் நடக்காது என்று அர்த்தம்.

அந்த ஒரு வரிக்காக இரண்டு வருடங்களாக ஃபைல் சுற்றிக்கொண்டிருந்தது.

வரியை எழுத முடியாததற்குக் காரணம் இருந்தது. கரடி அடித்தது இதே மையத்தின் திறப்பு விழா அன்று. திறந்து வைக்க வருகிற பெரிய மனிதர், இயற்கை மையத்தின் விழாவில் பிளாஸ்டிக் அலங்காரம் கூடாது, எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ரேஞ்சர் விடியற்காலையில் வாட்சரைக் கூப்பிட்டு, வாசல் வளைவுக்குப் பூவோடு நாலு கட்டு கிளை வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். காட்டுக்குள் போனால் இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாவது ஆள், வாட்சருடைய மனைவியின் தம்பி. அவனைப் பலூன் ஊத உட்கார்த்திவிட்டார்கள். பலூன் என்பது ரப்பர், ரப்பர் மரத்திலிருந்து வருகிறது, ஆகவே அதுவும் இயற்கை என்று மைக் சார் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

வாட்சர் தனியாகப் போனார். பாதையோரத்தில் பூக்கிளை இல்லை, உள்ளே இறங்கினார். இரண்டு கையும் நிறையக் கிளைகளை அணைத்துக்கொண்டு திரும்பியபோது புதருக்குப் பின்னால் குட்டியோடு அது நின்றது. கிளைகளைக் கீழே போடத் தோன்றவில்லை. சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அத்தனை வருட வேலையில் கைக்குப் பழகிப்போயிருந்தது.

அவரைத் தூக்க வந்தவர்கள் கிளைகளையும் மறக்காமல் எடுத்து வந்தார்கள். வளைவு நன்றாக அமைந்திருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

பூங்காவுக்குள் ஒரு சுள்ளியை ஒடித்தாலும் குற்றம் என்று வாசல் மையத்தின் முதல் பலகையே சொல்கிறது. அதனால் ரேஞ்சர் தன் அறிக்கையில் 'சம்பவத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதி, நான்கு பக்கமும் கோடு போட்டு அழகாக மூடினார்.

ஆறு மாதம் படுக்கையில் கிடந்து வந்தவருக்கு இலகுவான வேலை என்று கரடி மையத்தில் இடம் கொடுத்தார்கள். வந்த அன்றே மைக் சார் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"அண்ணே, உங்களைப் பத்தி ஒரு பலகை வைக்கறோம். உங்க கதைதான் இந்த மையத்துக்கே உயிர்."

"என்ன சார் எழுதியிருக்கீங்க?"

"பாதையை விட்டு விலகினார். தேனுக்கு ஆசைப்பட்டார். விளைவைச் சந்தித்தார். மூணே வரி. நச்சுன்னு இருக்கா?"

"தேன் எங்கேருந்து வந்துச்சு? நான் எப்ப சார் தேன் எடுத்தேன்?"

"அண்ணே, கதைன்னா ஒரு பாடம் வேணும். 'போனார், அடிபட்டார்'னு போட்டா பிள்ளைங்க என்ன கத்துக்கும்? கரடி கெட்டதுன்னு கத்துக்கும். கரடி மேல தப்பு வரக்கூடாது. அது இங்க பாதுகாக்கப்பட்ட இனம்."

"நான்?"

மைக் சார் சிரித்தார். "நீங்க இலாகா ஆளுண்ணே. உங்களுக்கு எதுக்குப் பாதுகாப்பு?"

வாட்சர் ரேஞ்சரிடம் போய் நின்றார். ரேஞ்சர் பேனா மூடியைக் காதுக்குள் சுழற்றிக்கொண்டே கேட்டார். "போர்டு வேற, ஃபைல் வேறய்யா. போர்டு பிள்ளைங்களுக்கு. ஃபைல் ஆபீசுக்கு. ரெண்டையும் ஏன் குழப்பிக்கறே? நீ இங்க நல்லபடியா நடந்துக்கிட்டா அதை நான் நகர்த்த மாட்டேனா?"

வாட்சர் முப்பது வருடம் காடு காத்தவர். எந்தச் சாணம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தியது என்று சொல்லிவிடுவார். காகிதத்தின் தடம் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. போர்டு வேறு, ஃபைல் வேறு என்று அவரும் நம்பினார்.

அன்றிலிருந்து நாளைக்கு நான்கு முறை கரடிக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கதையைச் சொன்னார். 'ப', 'ம' வருகிற இடங்களில் கிழிந்து தைத்த உதட்டை ஆட்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வெளியே வரும். 'பாதை' என்று சொல்லும்போது விரல் உதட்டுக்குப் போகும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயும். "அந்த விரல் வைக்கறீங்க பாருங்க, அது பிரமாதம்" என்று மைக் சார் பாராட்டுவார். "அதை மட்டும் விட்டுடாதீங்க."

கமிட்டி மாலை மூன்றரைக்கு வந்து சேர்ந்தது. பறவைகளும் மீன்களும் முடிந்து, விருந்தினர் மாளிகையில் சாப்பாடும் ஒரு தூக்கமும் முடிந்திருந்தது. தலைமை அம்மா புதுத் தொப்பியும், மண் பார்க்காத பூட்ஸும் அணிந்திருந்தார். கையில் தோல் அட்டை போட்ட குறிப்பேடு. பின்னால் வந்த இரண்டு பேர், அவர் எதையாவது பார்த்து நின்றால் தாங்களும் நின்று அதையே பார்த்தார்கள்.

வாட்சரின் மச்சினன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அக்காள் புருஷன் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "மாமா, சட்டைப் பையில மனு இருக்கா? கடைசில கொடுத்துடுங்க. முதல்ல கொடுத்தா மூடு போயிடும்" என்றான்.

வாட்சர் ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கே தெரியாமல் கதை நன்றாக வந்தது. ஃபைல் நகர வேண்டும் என்ற ஆசையில் தேன்கூட்டை மரத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார். தேனீக்களின் இரைச்சலைச் சேர்த்தார். வீட்டில் மனைவி தேன் கேட்டாள் என்றுகூட ஒரு வரி போட்டார். இல்லாத தேனின் வாசனை அந்த ஹாலில் அடித்தது. 'பாதை' என்ற இடத்தில் விரலை வைத்தார். கரடி எழுந்து நின்ற இடத்தில் குரலை இறக்கினார். அதற்கு மட்டும் நடிப்புத் தேவைப்படவில்லை.

தலைமை அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணோரத்தை ஒற்றினார். பின்னால் நின்ற இரண்டு பேரும் ஒற்றினார்கள்.

"எவ்வளவு நேர்மை!" என்றார் அம்மா. "தன்னோட தப்பை நாலு பேர் முன்னாடி இப்படி ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும். நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் ஒத்துக்குவாரா?"

ஆபீஸைச் சேர்ந்த மூன்று பேரும் அதை ரசித்துச் சிரித்தார்கள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்களாத்தானே போனீங்க? யாரும் அனுப்பலையே?"

வாட்சர் மிஞ்சியிருந்த ஒற்றைக் கண்ணால், கமிட்டியோடு வந்திருந்த ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் கரடியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலில் காரணத்தை எழுத வேண்டியவர் அவர்தான். கதவருகில் மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக் சார் மைக்கை மூடிப் பிடித்து, தலையை மெல்ல ஆட்டினார்.

"நானாத்தாங்க போனேன். யாரும் அனுப்பலைங்க."

அம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வாட்சர் சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆஸ்பத்திரிச் சீட்டும் எக்ஸ்ரே நகலும் அதோடு பின் செய்யப்பட்டிருந்தன.

"உங்க ஃபைலா? அது என் டேபிள்லதான் இருக்கு. கவலையே படாதீங்க. நானே நேரடியாப் பாக்கறேன்" என்று அவர் தோளைத் தொட்டுச் சொன்னார் அம்மா.

அன்று மனைவி, விருந்தினர் மாளிகையிலிருந்து திரும்பும்போது நடையே மாறியிருந்தது. "தோளைத் தொட்டாங்களா? நிஜமாவா? எந்தத் தோளு?" என்று மூன்று தரம் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையில் துண்டு, டம்ளர், இரண்டு பழைய வேட்டி, எல்லாம் அன்றே மடித்து வைத்தாயிற்று.

தலைமை அம்மா சொன்ன சொல் தவறாதவர். நேரடியாகவே பார்த்தார்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. ரேஞ்சர் அலுவலகத்தில் நின்றுகொண்டே மச்சினன் அதை உரக்கப் படித்தான்.

"'மனுதாரர் தாமே பொதுமக்கள் முன்னிலையில், நாள்தோறும் சராசரியாக நான்கு முறை, எவ்விதக் கட்டாயமும் இன்றி அளித்துவரும் வாக்குமூலத்தின்படி, அவர் சொந்தத் தேவைக்காகத் தேன் சேகரிக்கும் பொருட்டுப் பணிக்குரிய பாதையிலிருந்து விலகியது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வருகிறது. ஆகவே மேற்படி காயம் பணி சார்ந்ததன்று. இணைப்பு: பலகையின் புகைப்படம் ஒன்று. குழுவின் நேரடிப் பதிவு ஒன்று.'"

"அப்புறம்?" என்றார் வாட்சர்.

"அவ்வளவுதான் மாமா. அடுத்த பேப்பர் மையத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ். 'சிறந்த கதைசொல்லலுக்கு.'"

வாட்சர் ரேஞ்சரின் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "போர்டு வேற, ஃபைல் வேறன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"வேறதான்யா. இப்பவும் வேறதான். அந்தம்மா ரெண்டையும் படிச்சிட்டாங்க, அதுக்கு நான் என்ன பண்றது? யாரு படிப்பான்னு நெனச்சேன்." ரேஞ்சர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இலாகாவில் ஒருவர் படித்துவிட்டாரே என்கிற வருத்தம். "சரி, அன்னைக்குத்தான் யாரும் அனுப்பலையான்னு நேராவே கேட்டாங்களே. அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க நின்னீங்களே சார்."

"நான் நின்னா? நானா பேசாதேன்னேன்?"

மச்சினன் ஒரு அடி முன்னால் வந்தான். காது சிவந்திருந்தது. "சார், நான் எழுதித் தர்றேன். ரெண்டு பேரா அனுப்ப வேண்டிய இடத்துக்கு மாமாவைத் தனியா அனுப்பினாங்க, வளைவுக்குக் கிளை வெட்ட அனுப்பினாங்க, கரடி அவரை அடிச்சப்ப நான் பலூன் ஊதிக்கிட்டிருந்தேன்னு எழுதித் தர்றேன். என்னைத் தூக்கினாலும் பரவால்ல."

ரேஞ்சர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "எழுது. தாராளமா எழுது. கிளை வெட்டினாருன்னு எழுதினியா, அடுத்த நிமிஷம் அவர் மேல கேஸ். பாதுகாக்கப்பட்ட காட்டுல மரம் வெட்டின குற்றம். இப்ப ஆபரேஷன்தான் இல்ல. அப்ப வேலையும் இருக்காது. நான் அனுப்பினேன்கறதுக்கு என்ன பேப்பர் இருக்கு? வாயால சொன்னதுதானே?" கடிதத்தை மடித்து வாட்சரின் சட்டைப் பைக்குள் அவரே செருகினார். "தேனுன்னு இருக்கறவரைக்கும் உனக்கு நல்லதுய்யா. தேனுக்குக் கேஸ் போடாம பாத்துக்கறேன். அதுவே பெரிய விஷயம். போ, பதினோரு மணிக் கூட்டம் வந்துரும்."

வீட்டில் மனைவி சத்தம் போடவில்லை. கடிதத்தைக் கேட்டுவிட்டு, பையிலிருந்து துண்டையும் டம்ளரையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் தேன் கேட்டேன்னு வேற சொல்லி வச்சிருக்கீங்க. இந்தப் பொழைப்புல நான் உங்ககிட்ட என்னத்தக் கேட்டிருக்கேன்?"

அடுத்த மாதம் மூன்று மையங்களுக்கும் செயல்பாட்டுப் புத்தகம் வந்து இறங்கியது. தலைமை அம்மாவின் யோசனை. வழவழ தாளில், மாணவர் கையடக்கமாக. ஒவ்வொரு மையத்திலும் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். பதில் சரியாக இருந்தால் அந்த மையத்தில் முத்திரை குத்துவார்கள். மூன்று முத்திரை சேர்ந்தால் வாசலில் 'குட்டி வனக்காவலர்' பேட்ஜ். கரடி மையத்தில் முத்திரை குத்தும் பொறுப்பு வாட்சருக்கு. மைக் சார் மேஜை, நாற்காலி, மைப்பெட்டி எல்லாம் போட்டுக் கொடுத்தார். "உக்காந்த வேலைண்ணே. அம்மாவே உங்க பேரைத்தான் சொன்னாங்களாம்."

ஒரு நாள் மைக் சார் ஆற்றங்கரை மையத்தில் ஏதோ விழாவுக்கு மைக்கோடு போயிருந்தார். நாற்பது பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூட பஸ் வந்தது. டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரடிக்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, "சார், கொஞ்சம் சுருக்கமா சொல்லிடுங்க. நாலு மணிக்கு பஸ் கிளம்பணும்" என்றார்.

வாட்சர் எழுந்து வந்தார். வாய் திறந்தார். இடது தாடைக்குள் ஒரு ஊசி ஏறி இறங்கியது. மூன்று நாளாகக் கன்னம் வீங்கிச் சூடாக இருந்தது.

"நான் தேனெடுக்கப் போகல" என்றார்.

பிள்ளைகள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் பலகையில் தேன்கூட்டுப் படம் இருந்தது.

"இந்த இடத்தைத் திறக்கறதுக்கு விழா வச்சாங்க. வாசல்ல பூவளைவு கட்டக் கிளை வெட்டிட்டு வான்னாங்க. போனேன். ரெண்டு பேராப் போகணும். என்னை மட்டும் அனுப்பினாங்க. ரெண்டு கையிலயும் கிளை. அதான் நடந்துச்சு." முழுக் கதையும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விரல் வைக்கக்கூட அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது இவ்வளவு சின்னதா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "அங்கிள், கிளை வெட்டினா தப்புன்னு பறவை மையத்துல சொன்னாங்களே?"

"ஆமா தம்பி. தப்புதான்."

"அப்ப ஏன் வெட்டினீங்க?"

வாட்சர் யோசித்தார். சரியான பதில் ஒன்று இருந்தது; ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற பதில் இல்லை அது.

"சரி சரி, கேள்வி போதும்" என்று டீச்சர் கைதட்டினார். "புத்தகத்தைத் திறங்க. பக்கம் பன்னிரண்டு. கரடி மையக் கேள்வி. சீக்கிரம்."

நாற்பது புத்தகங்கள் திறந்தன. நாற்பது பென்சில்கள் வெளியே வந்தன. அடுத்த ஐந்து நிமிடத்தில் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. வாட்சர் நாற்காலியில் உட்கார்ந்து முத்திரையை மையில் அழுத்தி எடுத்தார். பச்சை மை. சிரிக்கிற கரடி, அதன் கீழே 'சபாஷ்!' ஒவ்வொரு புத்தகத்திலும் விடையைப் பார்த்தார், குத்தினார். பார்த்தார், குத்தினார். எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். பலகையைப் பார்த்து எழுதுவதற்கு என்ன கஷ்டம்?

இருபதாவதோ இருபத்தொன்றாவதோ, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"கொடும்மா."

"நான் இன்னும் போடல அங்கிள்" என்று மெதுவாகப் புத்தகத்தை மேஜையில் விரித்தாள். "நீங்க சொன்னது இதுல இல்ல."

வாட்சர் குனிந்து படித்தார்.

'வனக்காவலர் செய்த தவறு என்ன? அ) பாதையை விட்டு விலகினார். ஆ) தேனுக்கு ஆசைப்பட்டார். இ) மேற்கண்ட இரண்டும்.'

கீழே வேறு கட்டம் இல்லை. பென்சிலால் எழுதவும் இடம் விடவில்லை. தாள் முடிந்த இடத்தில் பக்க எண் இருந்தது.

"இருக்கறதுல ஒண்ணை டிக் பண்ணும்மா!" என்று வாசலிலிருந்து டீச்சர் கட்டிய தொண்டையில் கத்தினார். "உன்னாலதான் எல்லாரும் நிக்கறாங்க. பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணியாச்சு."

பின்னால் நின்ற பிள்ளைகள் நெருக்கினார்கள். சிறுமியின் புத்தகத்தில் மற்ற இரண்டு மையங்களின் பக்கங்களிலும் முத்திரை இருந்தது. பறவை ஒன்று, மீன் ஒன்று. இது மட்டும்தான் பாக்கி. அவள் அழப்போகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"எது அங்கிள் ரைட்டு?"

வாட்சர் வீங்கிய கன்னத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். பிறகு, மை படிந்த ஆட்காட்டி விரலை நீட்டி, 'இ'யின் மேல் வைத்துக் காட்டினார்.

சிறுமி அந்த விரல் நகர்வதற்காகக் காத்திருந்து, அங்கே அழகாக ஒரு டிக் போட்டாள். அவர் முத்திரையை அழுத்தி எடுத்து, கரடியின் சிரிப்பு கலங்காமல் பதியும்படி, இரண்டு கையாலும் அமுக்கிக் குத்தினார்.

"தேங்க்ஸ் அங்கிள்" என்று அவள் ஓடினாள். அடுத்த புத்தகம் மேஜைக்கு வந்தது.